அளவுகோலும் அளக்கப்படுவோரும்: தரநிலை வினாக்களின் சார்பைக் கண்டறியும் முறைகளும் மும்பைத் தமிழர் கள ஆய்வும்

முன்னுரை

தமிழியல் ஆய்வில் கள ஆய்வு நிலைபெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. சமூக மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், புலம்பெயர் தமிழர் ஆய்வு ஆகிய துறைகளில் வினாநிரல் கொண்டு செய்தி திரட்டுவதும், அவற்றை அட்டவணைப்படுத்துவதும், சராசரி கண்டு முடிவுரைப்பதும் வழக்கமாகிவிட்டன. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதற்கு 5, 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதற்கு 1 என மதிப்பெண் இட்டுக் கூட்டும் முறை, 1932ஆம் ஆண்டு ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்தளித்தது. மொழிப்பற்று, மொழி மனப்பான்மை, பண்பாட்டு அடையாளம் முதலியவற்றை அளக்க விழையும் ஆய்வேடுகள் இம்முறையைத் தயக்கமின்றி மேற்கொள்கின்றன.

தயக்கம் தேவை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. இரண்டு குழுவினரை ஒரே வினாநிரலால் அளந்து, ஒரு குழுவினரின் சராசரி மற்றதனினும் மிகுதி என்று கூறுமுன், அவ்வினாக்கள் இரு குழுவினர்க்கும் ஒரே தன்மையில் பொருள்படுகின்றனவா என்று சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனைக்குரிய புள்ளியியல் முறைகள் கடந்த நாற்பதாண்டுகளில் நன்கு வளர்ந்துள்ளன. அவற்றை அறியாது ஒப்பிடுவது பிழை. அறிந்தும் கணிப்பொறியிடமே முடிவை ஒப்படைத்துவிடுவது அதனினும் நுண்ணிய பிழை. இவ்விரண்டையும் மும்பைத் தமிழரை முன்னிறுத்தி விளக்கலாம்.

மூன்று குடியிருப்புகள்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. மூன்றிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். எனினும் அவர்தம் வரலாறுகள் வேறு. தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினர் வரத் தொடங்கினர். தோல் பதனிடும் தொழில் அவர்களுள் பலரை ஈர்த்தது. மாட்டுங்கா, 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அமைப்பின் திட்டத்தால் உருவான குடியிருப்பு. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தோன்றியது. செம்பூரின் வளர்ச்சி பெரிதும் நாட்டு விடுதலைக்குப் பிற்பட்டது. டிராம்பேயில் எழுந்த அணு ஆராய்ச்சி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் படித்த தமிழரைச் செம்பூர்ப் பகுதிக்குக் கொணர்ந்தன. அதே வட்டாரத்தில்தான், 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்பும் உள்ளது. அங்கும் தமிழர் உளர். ஆகவே 'செம்பூர்த் தமிழர்' என்னும் ஒற்றைப் பெயர்கூட ஒரு சீரான குழுவைச் சுட்டுவதன்று.

தொழில், கல்வி, வட்டார வழக்கு, சாதி, குடியேறிய காலம் எனப் பலவற்றான் வேறுபட்ட இம்மூன்று குடியிருப்பினரையும் ஒரே வினாநிரலால் அளந்து, 'மொழிப்பற்றில் முதலிடம் இன்னார்க்கு' என்று அறிவிப்பது எளிது. அம்முடிவு மக்களைப் பற்றியதா, வினாக்களைப் பற்றியதா என்று பிரித்துரைப்பதே அரிது.

சார்பு என்பது யாது?

இரு குழுக்களின் சராசரி வேறுபடுவது சார்பு ஆகாது. உண்மையிலேயே ஒரு குழுவினரிடம் ஒரு பண்பு மிகுந்திருக்கலாம். அளக்கப்படும் பண்பில் சமநிலையில் உள்ள இருவர், வெவ்வேறு குழுவைச் சார்ந்தவர் என்னும் ஒரே காரணத்தால் ஒரு வினாவிற்கு வெவ்வேறு விடையளிக்க நேர்ந்தால், அவ்வினா இரு குழுக்களிலும் வேறுபட்டுச் செயற்படுகிறது எனப்படும். புள்ளியியல் காட்டுவது இவ்வேறுபட்ட செயற்பாட்டை மட்டுமே. அது நியாயமற்ற சார்பா என்பதை வினாவின் பொருளை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பல குழப்பங்கள் தோன்றுகின்றன.

உளச்சோர்வை அளக்க லெனோர் ராட்லாஃப் 1977இல் வெளியிட்ட அளவுகோல் 20 வினாக்களை உடையது. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர முதியோரிடம் திரட்டப்பட்ட விடைகளைக் கொண்டு கோல் முதலானோர் 2000ஆம் ஆண்டில் இவ்வளவுகோலைச் சோதித்தனர். மொத்த உளச்சோர்வு நிலையில் ஒத்திருந்த கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டபோது, 'மக்கள் என்னிடம் நட்பாக இல்லை' என்னும் வினாவிற்குக் கறுப்பினத்தவர் உயர் மதிப்பெண் அளிக்கும் வாய்ப்பு விகிதம் 2.29 மடங்காக இருந்தது. 'மக்கள் என்னை வெறுக்கின்றனர்' என்பதற்கு அது 2.96 மடங்கு. அழுகை பற்றிய வினாவில் பெண்களின் வாய்ப்பு விகிதம் ஆண்களினும் 2.14 மடங்கு.

இம்முடிவின் உட்கிடை ஆழமானது. மருத்துவர் நோயின் அறிகுறியாகக் கொள்ளும் ஒரு விடை, இனப்பாகுபாட்டிற்கு உள்ளான ஒருவர் தம் அன்றாட வாழ்வை உள்ளவாறு உரைத்த கூற்றாகவும் இருக்கலாம். அவ்வளவுகோல் தமிழில் பெயர்க்கப்பட்டுத் தாராவியில் பயன்படுத்தப்படுமாயின் இவ்வினாவே எழும். குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொன்ன அளவிலேயே முகம் மாறுவோரைக் கண்டு பழகிய ஒருவர், 'மக்கள் என்னிடம் நட்பாக இல்லை' என்று கூறினால் அது சோர்வா, சான்றா?

சராசரி ஒப்பீட்டின் பிழை

வினாதோறும் இரு குழுக்களின் சராசரியைக் கண்டு, டி-சோதனையோ கை-வர்க்கச் சோதனையோ செய்து, வேறுபாடு இருப்பின் சார்பு என்றும் இல்லையெனில் சார்பின்மை என்றும் கொள்வாருளர். இம்முறை இரு வழியிலும் தவறுகிறது.

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை அமைத்துக்கொள்ளலாம். 'ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்களைப் படிக்கிறேன்' என்பது வினா. தாராவியில் 100 பேர், மாட்டுங்காவில் 100 பேர். மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு மொழிப்பற்றில் தாழ்ந்தோர், இடைநிலையினர், உயர்ந்தோர் என மூன்றாகப் பகுக்கப்படுகின்றனர். தாராவியில் முறையே 20, 30, 50 பேர். மாட்டுங்காவில் 50, 30, 20 பேர். மேற்குறித்த வினாவில் தாராவியினரின் சராசரி மூன்று நிலைகளிலும் முறையே 2.0, 3.0, 4.0 என்றும், மாட்டுங்காவினரின் சராசரி 2.5, 3.5, 4.5 என்றும் கொள்வோம். ஒட்டுமொத்தச் சராசரி தாராவிக்கு 3.30, மாட்டுங்காவிற்கு 3.20. வேறுபாடு சிறிது, அதுவும் தாராவிக்குச் சாதகமானது. டி-சோதனை இவ்வினாவைக் குற்றமற்றது என விடுவித்துவிடும். ஆனால் ஒத்த நிலையினரை ஒத்த நிலையினரோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நிலையிலும் தாராவியினர் 0.5 மதிப்பெண் இழக்கின்றனர். 'ஓய்வு நேரம்' என ஒன்று வாய்த்தவர்க்கே அவ்வினா பொருந்தும் என்பது காரணமாகலாம். குழுவின் உண்மையான மேன்மையும் வினாவின் குறையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இரண்டும் அட்டவணையில் தெரியவில்லை.

மறுதலையாக, உண்மை வேறுபாட்டையே சார்பெனக் கொள்ளும் தவறும் நிகழும். அமெரிக்காவில் கோல்டன் ரூல் என்னும் காப்பீட்டு நிறுவனம் தொடுத்த வழக்கு 1984இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. காப்பீட்டு முகவர் உரிமத் தேர்வில் கறுப்பினத்தவர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே சரியான விடையின் விழுக்காடு குறைவாக வேறுபடும் வினாக்களையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேர்வர்களின் திறன் நிலையைக் கருதாமல் விழுக்காட்டை மட்டும் ஒப்பிட்ட இவ்விதியை ஏற்றது தவறு என்று, தேர்வை நடத்திய நிறுவனத்தின் தலைவரே 1987இல் வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. பிற நாட்டார் கைவிட்ட கருவியைப் புதிதெனக் கருதித் தமிழாய்வில் வைத்துப் போற்ற வேண்டியதில்லை.

ஆல்ஃபா என்னும் கேடயம்

வினாநிரலின் தகுதி பற்றிக் கேட்டால் 'க்ரான்பாக் ஆல்ஃபா 0.80க்கு மேல் உள்ளது' என்னும் விடை வருவதுண்டு. ஆல்ஃபா என்பது வினாக்கள் தம்முள் எந்த அளவு ஒத்துச் செல்கின்றன என்பதைக் காட்டும் எண். ஒரு வினா ஒரு குழுவினர்க்குத் தொடர்ந்து அரை மதிப்பெண் குறைத்து அளித்தாலும், அக்குழுவிற்குள் அவ்வினா பிற வினாக்களோடு ஒத்தே செல்லும். ஆல்ஃபாவில் எந்த மாற்றமும் தோன்றாது. நெல்லளக்கும் மரக்கால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் காட்டுவது நம்பகம். ஆனால் ஒருவர்க்கு ஒரு மரக்காலும் மற்றவர்க்கு வேறொரு மரக்காலும் வைத்து அளந்துவிட்டு, இரண்டும் தத்தம் அளவில் மாறாதவை என்று வாதிடுவது நீதியாகாது.

முறைகளின் ஒப்பீடு

தரநிலை வினாக்களுக்கு ஏற்ற முறைகள் பல. அவற்றுள் இன்றியமையாதவை மூன்று.

முதலாவது மான்டல் முறை. நேத்தன் மான்டலும் வில்லியம் ஹான்செலும் 1959இல் நோய்ப்பரவல் ஆய்விற்காக வகுத்த முறையை, வரிசைப்பட்ட பல விடைகளுக்கும் பொருந்துமாறு மான்டல் 1963இல் விரித்தார். சரி, தவறு என்னும் இருவகை விடையுள்ள தேர்வு வினாக்களுக்கு மூல முறையை ஹாலண்டும் தேயரும் 1988இல் பொருத்திக் காட்டினர். பலநிலை வினாக்களுக்கு மான்டலின் விரிவாக்கத்தை ஸ்விக் முதலானோர் 1993இல் ஆராய்ந்தனர். மொத்த மதிப்பெண்ணால் மக்களை அடுக்குகளாகப் பகுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டு, அவ்வேறுபாடுகளை ஒரே கை-வர்க்க மதிப்பாகத் தொகுப்பது இதன் இயல்பு. மேலே கண்ட 0.5 வேறுபாட்டை இம்முறை தவறாது காட்டும். கணக்கிடுவதும் எளிது, சிறிய மாதிரிக்கும் ஏற்றது. குறை ஒன்றுண்டு. தாழ்ந்த நிலையில் ஒரு குழுவிற்கும் உயர்ந்த நிலையில் மற்றொரு குழுவிற்கும் சாதகமாக ஒரு வினா செயற்படுமாயின், இரு வேறுபாடுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மான்டல் முறை ஏமாறும்.

இரண்டாவது வரிசைநிலை லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு முறை. இருவகை விடைகளுக்கு ஸ்வாமிநாதனும் ரோஜர்ஸும் 1990இல் முன்வைத்ததை, லிக்கர்ட் வகை வினாக்களுக்கு உரியதாக்கி புரூனோ சும்போ 1999இல் கையேடு வெளியிட்டார். இது மூன்று படிகளில் நிகழ்வது. முதற்படியில் மொத்த மதிப்பெண் மட்டும் கொண்டு விடை கணிக்கப்படும். இரண்டாம் படியில் குழு சேர்க்கப்படும். மூன்றாம் படியில் குழுவும் மொத்த மதிப்பெண்ணும் இணைந்து விளைக்கும் பயன் சேர்க்கப்படும். இரண்டாம் படியில் கணிப்பு மேம்பட்டால் எல்லா நிலையிலும் ஒரே சீரான வேறுபாடு. மூன்றாம் படியில் மேம்பட்டால் நிலைக்கேற்ப மாறும் வேறுபாடு. மான்டல் முறை காணாததை இது காணும். அன்றியும் பள்ளிக்கல்வி, பிறந்த ஊர், தலைமுறை ஆகியவற்றையும் இதில் சேர்க்கலாம். தாராவிக்கும் மாட்டுங்காவிற்கும் இடையிலான வேறுபாடு உண்மையில் இடத்தால் அமைந்ததா, கல்வியால் அமைந்ததா என்று பிரித்துக் காண இது ஒன்றே எளிய வழி.

மூன்றாவது உருப்படித் துலங்கல் கோட்பாட்டைச் சார்ந்தது. ஃபுமிகோ சமேஜிமா 1969இல் அளித்த படிநிலைத் துலங்கல் மாதிரி, விடைகளுக்குப் பின்னால் உள்ளுறையாக நிற்கும் பண்பை மொத்த மதிப்பெண்ணினும் செம்மையாக மதிப்பிடுகிறது. ஒவ்வொரு வினாவிற்கும், 1இலிருந்து 2க்கும் 2இலிருந்து 3க்கும் செல்லும் எல்லைகளைத் தனித்தனியே காட்டவல்லது. கோட்பாட்டு நிலையில் இம்முறையே சிறந்தது எனலாம். ஆயினும் ஒவ்வொரு வினாவிற்கும் பல மதிப்புகளைக் கணிக்க வேண்டியிருப்பதால் குழுவிற்குச் சில நூறு பேர் தேவைப்படுவர். ஐந்நூறு என்பது பலரும் கூறும் அளவு. தனி ஆய்வாளர் ஒருவர் வீடு வீடாகச் சென்று திரட்டும் மாதிரி அந்த அளவை எட்டுவது கடினம். ராஷ் மாதிரியின் வழிவந்த ஆண்ட்ரிச்சின் தரநிலை மாதிரி (1978), மாஸ்டர்ஸின் பகுதி மதிப்பெண் மாதிரி (1982) ஆகியன சிறிய மாதிரிக்கும் இடந்தருவன. எனினும் எல்லா வினாக்களும் பண்பை ஒரே கூர்மையோடு பிரித்துக் காட்டுகின்றன என்று அவை கொள்கின்றன. 'தமிழ் என் தாய்மொழி' என்னும் வினாவும் 'தமிழ்ச் சிற்றிதழுக்குச் சந்தா செலுத்துகிறேன்' என்னும் வினாவும் ஒரே கூர்மை உடையன என்பதை எவரும் ஏற்கமாட்டார்.

ஆகவே மும்பைத் தமிழர் போன்ற களங்களில், இருநூறு முந்நூறு பேர் கொண்ட குழுக்களை ஒப்பிடுவோர்க்கு வரிசைநிலை லாஜிஸ்டிக் முறையே முதன்மையானது. மான்டல் முறை அதனைச் சரிபார்க்கும் துணை. பெரிய மாதிரி வாய்த்தோர் சமேஜிமா வழியில் செல்லலாம். இரு எச்சரிக்கைகள் மட்டும் உடன் கூறத்தக்கன. 25 வினாக்களை மூன்று குடியிருப்பினரிடையே இணை இணையாக ஒப்பிட்டால் 75 சோதனைகள் ஆகும். 5 விழுக்காட்டு அளவில் நோக்கினால் எவ்விதச் சார்பும் இல்லாதபோதும் ஏறத்தாழ நான்கு வினாக்கள் தற்செயலாகவே குற்றம் சுமக்கும். அதற்கேற்ப வரம்பை இறுக்க வேண்டும். மற்றொன்று, 'பொருண்மையுடைய வேறுபாடு' என்று சோதனை கூறினால் போதாது. வேறுபாட்டின் பருமனும் உரைக்கப்பட வேண்டும். பருமனின் எல்லையிலும் அறிஞர்கள் உடன்படவில்லை. விளக்கப்பட்ட மாறுபாட்டின் உயர்வு 0.13 ஆனால்தான் கருதத்தக்கது என்பது சும்போவும் தாமஸும் கூறிய எல்லை. ஜோடோயினும் கியெர்லும் 2001இல் 0.035 என்றே வரையறுத்தனர். எந்த எல்லை ஏன் கொள்ளப்பட்டது என்று ஆய்வேடு வெளிப்படையாகக் கூற வேண்டும்.

எண் காணாத பிழை

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் அடிப்படைக் குறை உண்டு. ஒருவரை மற்றொருவரோடு 'ஒத்த நிலையினர்' என்று கொள்வது எதனால்? அதே வினாநிரலின் மொத்த மதிப்பெண்ணால், அல்லது அதே வினாக்களிலிருந்து கணித்த உள்ளுறை மதிப்பால். வினாக்களுள் ஒன்றிரண்டு சார்புடையனவாயின் எஞ்சியவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். சார்புடையவற்றை நீக்கிவிட்டு மீண்டும் மொத்தம் கண்டு சோதிக்கும் தூய்மையாக்க முறையும் உண்டு. ஆனால் பெரும்பான்மை வினாக்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால்? அப்போது சாய்வே நடுநிலையாகத் தோன்றும். நேராக நிற்கும் ஓரிரு வினாக்களே குற்றவாளிகளாகக் காட்டப்பட்டு நீக்கப்படும்.

சுவடிப்பதிப்பில் பழகியோர்க்கு இது புதிதன்று. ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்து ஒன்பதில் ஒரே பாடம் இருப்பின், அதுவே சரியான பாடம் என்று கண்ணை மூடிக்கொண்டு பதிப்பாசிரியர் கொள்வதில்லை. அவ்வொன்பதும் பிழையுள்ள ஒரே சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டனவாக இருக்கலாம். பெரும்பான்மை சான்றாகாது, சுவடிகளின் வழிமரபும் சொல்லின் பொருத்தமும் ஆராயப்பட வேண்டும். உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் சுவடிகளை ஒப்பிட்டுக் கண்ட பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்தனர். எனினும் ஒப்பீட்டோடு நின்றுவிடவில்லை. மான்டலும் சமேஜிமாவும் தருவது பாடவேறுபாட்டுப் பட்டியலே. பாடம் தேர்வது புலமையின் பணி.

மொழிப்பற்று வினாநிரல்களில் அத்தகைய ஒரு பொதுச் சாய்வு புகுவதற்கு வாய்ப்பு மிகுதி. நூல் படித்தல், நாளிதழ் வாங்குதல், இலக்கியக் கூட்டத்திற்குச் செல்லுதல், மேடைப்பேச்சு கேட்டல் எனப் பெரும்பாலான வினாக்கள் எழுத்தறிவும் ஓய்வும் சார்ந்தனவாக அமைகின்றன. மும்பையில் பிறந்து மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றைப் பள்ளியில் கற்று, தமிழை வீட்டிலும் தெருவிலும் பேசுகின்ற ஒருவர் தமிழ் எழுத்தை அறியாதவராக இருக்கக்கூடும். அவர் தம் தாயிடம் பேசும் மொழியை இவ்வினாநிரல் மொழிப்பற்று எனக் கொள்வதில்லை. எழுத்தறிவை அளந்துவிட்டுப் பற்றை அளந்ததாகக் கூறும் இப்பிழையை எந்தக் கை-வர்க்கமும் கண்டுபிடிக்காது. இருபது வினாக்களும் அதே பிழையைச் சுமந்து நிற்பதால்.

'வீட்டில் தூய தமிழ் பேசுகிறேன்' என்னும் வினாவை நோக்குக. 'தூய தமிழ்' என்னும் தொடருக்கு ஒரு வரலாறு உண்டு. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் நிழல் அதன்மேல் படிந்துள்ளது. மாட்டுங்காவின் அக்கிரகார வழக்கினர் ஒருவர்க்கு அத்தொடர் தம் வீட்டு மொழியைக் குற்றஞ்சாட்டுவதாகத் தோன்றலாம். தாராவியின் நெல்லை வழக்கினர் ஒருவர்க்கு அது 'பிறமொழி கலவாமை' எனத் தோன்றலாம். மற்றொருவர்க்கு 'மேடைத் தமிழ்' எனத் தோன்றி, 'நாங்கள் பேசுவது கொச்சைதானே' என்னும் தாழ்வுணர்ச்சியைக் கிளப்பலாம். மூவரும் தமிழ்மேல் கொண்ட பற்று ஒன்றாயினும் விடை மூன்றாகும். நன்னூல் நூற்குற்றங்களுள் ஒன்றாகக் கூறும் 'மயங்க வைத்தல்' இதுவே. புள்ளியியல் அம்மயக்கம் உள்ள இடத்தைச் சுட்டும். அதன் காரணத்தைச் சொல்லாது.

எட்டு விடையும் ஐந்து கட்டமும்

வினாவின் சொல்லில் மட்டுமன்றி விடையின் வடிவிலும் சார்பு தோன்றும். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. ஐந்து கட்டங்கள் கொண்ட அளவுகோல் அவற்றுள் நேர்விடையையும் மறைவிடையையும் மட்டுமே ஏற்கிறது. களத்தில் கிடைப்பனவோ எட்டும். 'பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்ப்பீரா?' என்றால் 'மேல்வகுப்பிற்கு எங்கே போவது?' என்று வருவது வினாவெதிர் வினாதல். 'மூத்தவனைச் சேர்த்தோம், வேலை கிடைக்கவில்லை' என்பது உற்றதுரைத்தல். 'இளையவனும் அப்படித்தான் அலைவான்' என்பது உறுவது கூறல். 'வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்' என்பது இனமொழி. இவற்றைக் கேட்ட தகவல் திரட்டுபவர் என்ன செய்கிறார்? நடுவில் உள்ள 3ஐக் குறித்துக்கொண்டு அடுத்த வினாவிற்குச் செல்கிறார். 'நடுநிலை' என்று அச்சிடப்பட்ட கட்டத்தில் தாராவியின் வாழ்க்கை வரலாறே புதைந்துவிடுகிறது.

எழுதத் தெரிந்தோர் தாமே கட்டத்தை நிரப்புவதும், எழுதாதோர்க்குப் பிறர் வாய்மொழியாகக் கேட்டு நிரப்புவதும் ஒரே அளவீடு ஆகா. 'உடன்படுகிறேன்' என்பது எழுத்து வழக்குச் சொல். தெருவில் எவரும் 'உடன்படுவது' இல்லை. கேட்பவர் அதனை 'சரிதான்', 'ரொம்பச் சரி' என்று பேச்சு வழக்கிற்கு மாற்றுகிறார். இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவு, 'உடன்படுகிறேன்', 'முற்றிலும் உடன்படுகிறேன்' ஆகியவற்றிற்கு இடையிலான தொலைவன்று. எதிர்மறை வினாக்களில் இச்சிக்கல் பெருகும். தமிழில் மறுப்பு வினையின் இறுதியில் வருவது. 'தமிழ் தெரியாவிட்டாலும் தமிழராக இருக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை' என்று படித்துக்காட்டி, 'உடன்படவில்லை' என்னும் விடையை எதிர்பார்த்தால், கேட்பவர் எத்தனை மறுப்புகளை மனத்தில் தாங்க வேண்டும்? கண்ணால் மீண்டும் படிப்பவர்க்கு இருக்கும் வாய்ப்பு காதால் கேட்பவர்க்கு இல்லை. படிநிலை மாதிரி இத்தகைய எல்லை மாற்றங்களைக் காட்டவல்லது; காட்டிய பின் அவற்றை விளக்கவல்லது தமிழின் இரட்டை வழக்கை அறிந்த புலமையே.

இரு மறுப்புரைகள்

'இவையெல்லாம் உளவியலாரும் கல்வியியலாரும் செய்ய வேண்டுவன. தமிழாய்வாளர்க்கு இவை எதற்கு?' எனலாம். ஐந்து கட்ட அளவுகோலைக் கையாண்டு சராசரி கூறும் உரிமையை எடுத்துக்கொண்டவர், அதனைச் சோதிக்கும் கடமையைப் பிறர்க்கு விடுதல் பொருந்தாது. எண்ணே வேண்டாம் என்பார் நேர்காணலோடும் விளக்கவுரையோடும் நிற்கலாம். அதுவும் மதிப்புடைய ஆய்வே. எண்ணை எடுத்தாள்பவர் எண்ணின் அறத்தையும் ஏற்க வேண்டும்.

'சிறிய வேறுபாடுகள் கூட்டுத்தொகையில் கரைந்துபோகும். இத்துணை நுணுக்கம் மிகை' என்பது மற்றொரு வாதம். சார்புகள் எதிரெதிர்த் திசையில் இருப்பின் கரையலாம். எளியோர்க்கு எதிராக ஒரே திசையில் சாய்ந்திருப்பின் கூடிக்கொண்டே போகும். அவ்வாறு கூடிய எண் நூலகத்தில் உறங்கும் ஆய்வேட்டோடு நிற்பதில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஒரு தமிழ்வழிப் பள்ளியைத் தொடர்வதா, மூடுவதா என்னும் கேள்வி எழும் நாளில், 'அப்பகுதித் தமிழர்க்குத் தாய்மொழிப் பற்றுக் குறைவு என்று தமிழ்த்துறை ஆய்வே கூறுகிறது' என்று ஒருவர் மேற்கோள் காட்டினால் மறுப்பதற்கு எவர் இருப்பர்? அப்பள்ளியை நாடும் குழந்தையின் பெற்றோர் அன்று அந்த அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

முடிவுரை

குழுக்களை ஒப்பிடும் ஆய்வேடுகள் இனி நான்கு செய்திகளைத் தர வேண்டும் என்று தமிழ்த்துறைகள் வரையறுத்தல் நலம். ஒத்த நிலையினரை ஒப்பிடும் முறையொன்றால் ஒவ்வொரு வினாவும் சோதிக்கப்பட்டதா? வேறுபாட்டின் பருமன் என்ன? வேறுபட்ட வினாக்களுக்குச் சொல், வழக்கு, வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றின் அடிப்படையில் தரப்படும் விளக்கம் யாது? அவ்வினாக்களை நீக்கிய பின்னும் குழுக்களின் தரவரிசை மாறாது நிற்கிறதா? நான்காவது வினாவிற்கு 'இல்லை' என்பது விடையானால், அதுவே அவ்வாய்வின் கண்டுபிடிப்பு. முன்னர்க் கூறிய தரவரிசை அன்று.

இவற்றைச் செய்வதற்குரிய மென்பொருள்கள் இன்று கட்டணமின்றியே கிடைக்கின்றன. கிடைக்காதது, வினாவை எழுதியவுடன் அதனைத் தாராவியில் ஒருவரிடமும் மாட்டுங்காவில் ஒருவரிடமும் சீத்தா கேம்பில் ஒருவரிடமும் படித்துக்காட்டி, 'இதற்கு என்ன பொருள் கொண்டீர்?' என்று கேட்கும் பொறுமை. அப்பொறுமை தமிழ் உரைமரபிற்கு அயலானதன்று. ஒரு சொல்லின் பொருளைத் துணிவதற்கு முன் அதனைப் பயில்வோர் யார், அது பயிலும் இடம் யாது என்று உசாவியே உரையாசிரியர்கள் எழுதினர். அவர்கள் செய்யுளுக்குச் செய்ததை வினாநிரலுக்குச் செய்ய மறுக்கும் ஆய்வு, மக்களை அளப்பதாகக் கூறிக்கொண்டு தன் வினாக்களையே அளந்துகொண்டிருக்கும்.